மீந்த சோறு: மீண்டும் சூடாக்கினால் போதுமா?

"மீந்த சோறுதானே? நன்றாகச் சுடவைத்துவிட்டால் கிருமியெல்லாம் செத்துப்போகும்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "கெட்டுப்போயிருந்தால் வாடை வராதா? ஊசிப்போன சோறு கையில் பிசுபிசுக்காதா?" இந்த இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. தண்ணீரையும் பாலையும் கொதிக்கவைத்துக் குடிப்பது எத்தனையோ நோய்களிலிருந்து நம்மைக் காக்கிறது. வாடை பார்த்து உணவை ஒதுக்குவதும் நல்ல பழக்கமே. ஆனால் சோறு, சேமியா, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவுகளில் இந்த இரண்டு காவலும் பயன்படாத ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட நாம் அரிசியை விட்டு வரவில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் காலை ஐந்தரை மணிக்கே குக்கர் ஏறிவிடுகிறது. அந்தச் சோறுதான் பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கும், அலுவலகத்துக்கும், சில நாள் இரவுக்கும். கோடை விடுமுறைக்கு ரயில் ஏறினால் கட்டுச்சாதம். பொங்கல் விழா, ஆண்டு விழா என்றால் சங்கத்தில் பந்திச் சாப்பாடு. ஆகவே சோறு எப்படி நஞ்சாகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

மண்ணிலிருந்து பானைக்கு

நாம் பேசப்போகும் பாக்டீரியாவின் பெயர் பாசில்லஸ் செரியஸ். 1887ஆம் ஆண்டில் பிராங்க்லண்டு தம்பதியர் இதை முதலில் விவரித்தார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் மெழுகு போலத் திரண்டு வளர்வதால் மெழுகைக் குறிக்கும் லத்தீன் சொல்லே இதற்குப் பெயராயிற்று. இது மண்ணில் வாழ்வது. வயலில் இருந்து நெல்லோடு வந்து, அரிசியோடு நம் வீட்டுக்குள் நுழைந்துவிடும். விலை உயர்ந்த பாஸ்மதியானாலும், பொன்னியானாலும், ரேஷன் அரிசியானாலும் இதற்கு விலக்கு இல்லை. பருப்பு, மசாலாப் பொடி, மாவு ஆகியவற்றிலும் இது இருக்கும். அரிசியை எத்தனை முறை களைந்தாலும் எண்ணிக்கை குறையுமே தவிர முழுதும் போகாது.

இதற்காக யாரும் அஞ்ச வேண்டாம். சிறிய எண்ணிக்கையில் இது நம்மை ஒன்றும் செய்வதில்லை. நாம் தினமும் இதை உண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

இதன் தனிச் சிறப்பு வேறு. சூழ்நிலை சரியில்லாதபோது இது கெட்டியான உறை போர்த்திய ஒரு வித்தாக மாறிவிடும். வித்து நிலையில் உணவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வருடக்கணக்கில் தூங்கும். சாதாரணக் கிருமிகள் கொதிநீரில் அழிந்துவிடும். வித்துகளில் பல, கொதிக்கும் சோற்றிலும் பிழைத்திருக்கும். பிரஷர் குக்கருக்குள் வெப்பம் நூறு டிகிரிக்கு மேல் போவதால் இன்னும் அதிகமான வித்துகள் அழியும். என்றாலும் எல்லாமே அழிந்துவிட்டன என்று உறுதி கூற முடியாது.

வெப்பத்தில் பிழைத்த வித்துகளுக்கு அந்த வெப்பமே விழிப்பூட்டுகிறது. சோறு ஆறத் தொடங்கியதும் அவை முளைக்கின்றன. ஈரமும் மாவுச்சத்தும் இளஞ்சூடும் அங்கே இருக்கின்றன. போட்டியிட வேறு கிருமிகளும் அதிகம் இல்லை. சமைத்த சோற்றைப் போல அவற்றுக்கு வாய்ப்பான இடம் வேறில்லை.

ஆஸ்லோவில் ஓர் ஆய்வாளர்

உணவு நஞ்சாவதற்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள தொடர்பை உறுதியாக நிறுவியவர் நார்வே நாட்டின் ஸ்டெய்னார் ஹௌகே. 1947 முதல் 1949 வரை ஆஸ்லோ நகர மருத்துவமனை உணவினால் நான்கு முறை கூட்டமாக வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 600 பேர். இனிப்போடு பரிமாறப்பட்ட வெனிலா சாஸ்தான் காரணம் என்று தெரியவந்தது. அந்தச் சாஸைக் கெட்டிப்படுத்தச் சேர்த்தது சோளமாவு. முதல் நாளே காய்ச்சி, பெரிய பாத்திரத்தில் அறை வெப்பத்திலேயே வைத்திருந்து மறுநாள் பரிமாறியிருக்கிறார்கள்.

ஹௌகே அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, புதிய வெனிலா சாஸில் இட்டு, 24 மணி நேரம் வைத்திருந்து, 200 மில்லி அளவு தாமே குடித்தார். சுமார் 13 மணி நேரம் கழித்து அவருக்குக் கடும் வயிற்றுவலியும் பேதியும் கண்டன. ஏறக்குறைய 8 மணி நேரத்தில் குணமானார். அவர் குடித்த சாஸில் ஒவ்வொரு மில்லியிலும் ஒன்பது கோடிக்கு மேற்பட்ட கிருமிகள் இருந்தன.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இதே கிருமி வேறு விதமாகத் தலைகாட்டியது. சீன உணவகங்களில் வறுத்த சோறு, அதாவது 'ஃப்ரைட் ரைஸ்', சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்துக்குள்ளேயே வாந்தியெடுத்தார்கள். சமையலறைகளில் நடந்தது இதுதான். சோற்றை மொத்தமாக வேகவைத்து வடித்துக் குவித்து வைப்பார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும், வறுக்கும்போது உதிராது என்பதால் வெளியிலேயே விட்டுவிடுவார்கள். ஆள் வரவர அள்ளி, எண்ணெயில் கொஞ்ச நேரம் புரட்டிக் கொடுப்பார்கள். நெருப்பில் வறுத்த பிறகும் வாந்தி ஏன் வந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய கேள்வி.

ஒரு கிருமி, இரண்டு நஞ்சு

ஆஸ்லோவில் வந்தது பேதி. லண்டனில் வந்தது வாந்தி. காரணம், இந்தக் கிருமி இரண்டு வகையாக நோய் தருகிறது.

பேதி வகையில், உயிருள்ள கிருமிகள் பெருமளவில் உணவோடு குடலுக்குள் போய், அங்கே நச்சுப்பொருளைச் சுரக்கின்றன. சாப்பிட்டு 6 முதல் 15 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும் வரும். இந்த நஞ்சு வெப்பத்தில் அழியக்கூடியது. நன்றாகச் சுடவைப்பது இங்கே பயன் தரும்.

வாந்தி வகை அப்படியல்ல. இதில் நஞ்சு பாத்திரத்திலேயே, சோற்றுக்குள்ளேயே உண்டாகிவிடுகிறது. அதன் பெயர் செரியுலைடு. 1990களின் நடுவில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். வளையம் போல இணைந்த சிறிய மூலக்கூறு இது. 121 டிகிரி வெப்பத்தில் 90 நிமிடம் வைத்தாலும் இது சிதைவதில்லை. இரைப்பையின் அமிலமும் செரிமான நீர்களும் இதை ஒன்றும் செய்வதில்லை. சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கும்.

சோற்றை மீண்டும் சுடவைக்கும்போது அதிலுள்ள கிருமி இறந்துபோகலாம். அது முன்பே உண்டாக்கிய செரியுலைடு அப்படியே இருக்கும். லண்டனில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வந்தது இதனால்தான். தவிரவும், இந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. சோறு ஊசிப்போய் நாறுவது பெரும்பாலும் வேறு கிருமிகளின் வேலை. அவை வந்து சேர்வதற்கு முன்பே, பார்வைக்கும் மூக்குக்கும் நன்றாக இருக்கும் சோற்றில் நஞ்சு இருக்கக்கூடும்.

அரிதாக, ஆனால் கொடிதாக

பெரும்பாலோருக்கு இந்த நோய் ஒரு நாளில் தானே தணிந்துவிடும். பலர் 'வெயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை', 'பித்தம்' என்று சொல்லி மறந்தும் விடுகிறார்கள். ஆனால் செரியுலைடு அளவு மிகுந்தால் உயிரணுக்களுக்குள் ஆற்றல் உண்டாகும் இடத்தையே தாக்கி, கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடும். அரிதாக நடப்பதுதான், என்றாலும் மருத்துவ ஏடுகளில் பதிவான மூன்று நிகழ்ச்சிகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஸ்விட்சர்லாந்தில் 17 வயதுச் சிறுவனும் தந்தையும் நான்கு நாள் முன் செய்த ஸ்பாகெட்டியைச் சாப்பிட்டார்கள். இருவருக்கும் வாந்தி கண்டது. தந்தை பிழைத்தார்; மகன் கல்லீரல் செயலிழந்து இறந்தான். இது 1997இல் வெளியான குறிப்பு.

பெல்ஜியத்தில் 2003ஆம் ஆண்டு, ஒரே குடும்பத்தின் ஐந்து குழந்தைகள் பாஸ்தா சாலட் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை செய்தது, சனிக்கிழமை உல்லாசப் பயணத்துக்கு எடுத்துச் சென்று, மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து, திங்கட்கிழமை மாலை உண்டார்கள். ஏழு வயதுக் கடைக்குட்டிச் சிறுமி இறந்துபோனாள். அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வெப்பம் 14 டிகிரி இருந்தது. 5 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும்.

2008ஆம் ஆண்டு அதே நாட்டில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியே இருந்த ஸ்பாகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டு, அன்றிரவே இறந்தார்.

மூன்றிலும் நாம் பார்ப்பது மாவுச்சத்து உணவு, சில நாள் தாமதம், போதாத குளிர்ச்சி. 'நம் சமையலறை சுத்தமானது, நமக்கு வராது' என்று எண்ணுவதற்கு இடமில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் சோற்றில் 100 கிருமிகள் முளைத்திருப்பதாகவும், அரை மணிக்கு ஒருமுறை அவை இரட்டிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் 1,600. நான்கு மணியில் 25,600. ஐந்து மணியில் ஒரு லட்சத்தைத் தாண்டும். எட்டு மணியில் 65 லட்சம்! ஒரு கிராமுக்கு ஒரு லட்சம் என்பதே ஆபத்தான எல்லையாகக் கருதப்படுகிறது.

உண்மையில் வித்து முளைக்கச் சிறிது நேரம் பிடிக்கும். வேகமும் வெப்பத்தைப் பொறுத்து மாறும். 30 முதல் 37 டிகிரி வரை இதற்கு மிக உகந்தது. 60 டிகிரிக்கு மேல் பெருகாது. 5 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். தில்லியில் ஜனவரி மாத இரவில் சமையலறையே ஃப்ரிட்ஜ் போல இருக்கும். மே மாத இரவில் அதே சமையலறை இந்தக் கிருமிக்குத் தொட்டில் கட்டியது போல. 'குளிர்காலத்தில் இப்படித்தான் வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்ற அனுபவம் கோடையில் உதவாது.

பாட்டி செய்ததும் நாம் செய்வதும்

நம் முன்னோர் இந்தக் கிருமியின் பெயரை அறியார். ஆனால் அவர்களுடைய சில வழக்கங்கள் அறிவியலோடு ஒத்துப்போகின்றன.

புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகே புளிக்காய்ச்சல் கலப்பார்கள். பரப்புவதால் சோறு விரைவில் ஆறுகிறது. பிறகு புளிப்பு ஏறுகிறது. புளிப்பைக் குறிக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று பொருள். அது சுமார் 4.5க்குக் கீழே போனால் இந்தக் கிருமி பெருகுவதில்லை. ஜப்பானியர் சுஷிச் சோற்றில் வினிகர் கலப்பதிலும் இதே பயன் கிடைக்கிறது.

இரவில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதும் அப்படியே. நீர் ஊற்றியதும் சூடு தணிகிறது. இரவு முழுதும் லாக்டிக் அமிலக் கிருமிகள் வளர்ந்து, காலையில் பழையது புளித்திருக்கிறது. ஊரில் மதியம் வடித்த சோறு பெரும்பாலும் இரவோடு தீர்ந்துவிடும். மீதிக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள்.

நாம் செய்வது என்ன? சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்துவிடுகிறோம். உள்ளே சூடு தங்கி, மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கிறது. கிருமி கேட்பது அதைத்தான். மறுநாள் காலை அந்தச் சோற்றை எலுமிச்சம்பழம் பிழிந்து 'சித்ரான்னம்' ஆக்குகிறோம். அல்லது குடைமிளகாய் போட்டு 'ஃப்ரைட் ரைஸ்' ஆக்குகிறோம். அல்லது தோசை மாவோடு அரைத்துவிடுகிறோம். எலுமிச்சையின் புளிப்பு இனிமேல் கிருமி பெருகாமல் தடுக்கலாம். இரவே உண்டான நஞ்சை அது போக்காது. தோசைக்கல்லின் சூடும் போக்காது. கட்டுச்சாதம் செய்வதானால் அப்போதே வடித்த சோற்றில் செய்ய வேண்டும்.

ரயில் பயணத்துக்கு

தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கூடையில் எதை வைப்பது, எதை முதலில் உண்பது என்பதில் கவனம் வேண்டும்.

வெண்பொங்கல், தேங்காய்ச் சாதம், காய்கறிப் புலவு, உப்புமா, கிச்சடி, உருளைக்கிழங்குக் கறி ஆகியவற்றில் புளிப்பு இல்லை. செய்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கோடையில் இன்னும் சீக்கிரம். நன்கு புளிப்பு ஏறிய புளியோதரை சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும். எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்லி நல்ல துணை. மாவு புளித்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் இட்லியைச் சூடாக அடுக்கி மூடாமல், ஆறவிட்டு அடுக்குங்கள். சட்னி வேண்டாம்.

தயிர்ச்சாதத்துக்கு ஒரு குறிப்பு. போகப்போகப் புளிக்காமல் இருக்கட்டும் என்று பாலை நிறைய ஊற்றி, தயிரைப் பேருக்குக் கலப்பது வழக்கம். அது புளிக்கும் வரையுள்ள சில மணி நேரம் காவல் இல்லாத நேரம். நன்கு ஆறிய சோற்றில் தயிரைத் தாராளமாகக் கலப்பதே நல்லது. இரண்டாம் நாளுக்குச் சோறு வகை எதையும் வைக்காமல் சப்பாத்தி, தட்டை, முறுக்கு போன்ற ஈரமில்லாத பண்டங்களை வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்துப் பந்தியில்

நானூறு, ஐந்நூறு பேருக்குச் சமைக்கும்போது ஆபத்தும் பெருகுகிறது. அண்டாவில் குவித்த சோற்றின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்கே எல்லாச் சோற்றையும் வடித்துவைத்து ஒரு மணிக்குப் பரிமாறுவதைவிட, பந்திக்கு ஏற்றபடி பிரித்து வடிப்பது மேல். முடியாதபோது சூடு 60 டிகிரிக்குக் குறையாமல் காக்க வேண்டும். கையில் புண் உள்ளவர் பரிமாறக் கூடாது. அத்தகைய புண்ணிலிருந்து வரும் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியும் சூட்டுக்கு அடங்காத வாந்தி நஞ்சை உண்டாக்க வல்லது.

விழா முடிந்து மாலை ஐந்து மணிக்கு மீந்த சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது நம் வழக்கம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும், காவலாளிக்கும், கோயில் வாசலில் இருப்பவர்களுக்கும் அது போகிறது. அன்னத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் உயர்ந்தது. ஆனால் நம் குழந்தைக்குக் கொடுக்கத் தயங்கும் சோற்றைப் பிறர் குழந்தைக்குக் கொடுப்பது தருமம் ஆகாது. கொடுப்பதானால் கடைசிப் பந்தி முடிந்த உடனே, சூடாக இருக்கும்போதே கொடுத்து, உடனே உண்ணச் சொல்ல வேண்டும். பதிவு செய்தவர்கள் எண்ணிக்கையை ஒட்டி அளந்து சமைத்தால் மீதியும் குறையும்.

வாந்தி கண்டால்

நஞ்சு ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வாந்தி வகையில் பயன் தரா. தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அது கிடைக்காதபோது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம்.

குழந்தை சோர்ந்து மயங்கினாலும், பேச்சுத் தடுமாறினாலும், கண் மஞ்சளித்தாலும், வலிப்பு வந்தாலும், வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலும், பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன சாப்பிட்டது, எப்போது சமைத்தது, எப்போது சாப்பிட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சில ஐயங்கள்

சூடான சோற்றை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? பெரிய பாத்திரத்தோடு வைத்தால் ஃப்ரிட்ஜே சூடாகிவிடும். தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, மின்விசிறியடியில் ஆறவிட்டு, சிறு டப்பாக்களில் பிரித்து ஒரு மணி நேரத்துக்குள் வைத்துவிடுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்? பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு மற்ற மீதிகளுக்கு 48 மணி நேரமும் சோற்றுக்கு 24 மணி நேரமும் சொல்கிறது. நமக்கும் அதுவே நல்ல கணக்கு.

மின்வெட்டு வந்தால்? கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருந்த சோற்றை நம்ப வேண்டாம்.

பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்? ஏழு மணிக்கு வெதுவெதுப்பாகக் கட்டி ஒரு மணிக்குத் திறப்பதுதான் கெடுதல். ஒன்று, கொதிக்கக் கொதிக்க நல்ல சூடு காக்கும் பாத்திரத்தில் கட்டுங்கள். அல்லது முழுக்க ஆறவைத்து, தயிரோ புளியோ எலுமிச்சையோ கலந்து கட்டுங்கள்.

நினைவில் கொள்ள

1. வேண்டிய அளவே வடியுங்கள்.
2. சோற்றைச் சூடாக உண்ணுங்கள். இல்லையேல் விரைவாக ஆறவைத்துக் குளிரில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே வெதுவெதுப்பில் விடாதீர்கள்.
3. கோடையில் ஒரு மணி, மற்ற நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.
4. ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை ஒருமுறை மட்டும், ஆவி பறக்கச் சுடவைத்து, ஒரு நாளுக்குள் உண்ணுங்கள்.
5. இரவெல்லாம் வெளியே இருந்த சோற்றைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்த முறை குக்கரைத் திறக்கும்போது மணி என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டிவைத்தால், வீட்டில் யார் எடுத்தாலும் அது உண்ணத்தக்கதா என்று தெரிந்துகொள்வார்கள்.